களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவருக்கு மாதப் பணம்: செட்டிநாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாள் முடிந்த மத்தியானத்தோடு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் கண்ணை விட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வருவது சித்திரை, வைகாசி. முகூர்த்த நாட்கள் வரிசையாக நிற்கும் மாதங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவதும், பையனை வெளியூர்க் கடைக்கு வேலைக்கு அனுப்புவதும் பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகின்றன. அதே நாட்களில்தான், களப்பணிக்காகப் பள்ளிக்கு வந்து வருடம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவரும் களப்பணிக் கோப்பைத் துறையில் ஒப்படைத்துவிட்டு செமஸ்டர் தேர்வுக்குப் படிக்கப் போகிறார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாடத்திட்டம் அத்தோடு முடிகிறது. கையில் காசும் இருக்காது.

எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் வாரத்துக்கு 2 நாள் களப்பணி என்பது பரவலான வழக்கம். கடைசியில் ஒரு மாதம் தொடர் களப்பணி உண்டு. ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 30 நாள் வருகிறது. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, விடுமுறைகள், உள்ளூர்த் திருவிழா எல்லாம் கழித்தால் பிள்ளையோடு உட்காரக் கிடைப்பது 22 நாள் தேறினால் அதிகம். தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், முளைப்பாரி என்று சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வருகை குறையும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த 22 நாளும் முழுதாகக் கிடைப்பதில்லை. இங்கே எம்.எஸ்.டபிள்யூ. சேரும் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். சாயங்காலம் ஜவுளிக்கடையில் நிற்கிறார்கள். முகூர்த்த நாளில் கேட்டரிங் ஆட்களோடு பந்தி பரிமாறப் போகிறார்கள். கல்யாண நாளும் களப்பணி நாளும் மோதினால், பரிமாறப் போவதற்குத்தான் அன்றைக்கே கையில் காசு வரும். பெண்களுக்கு சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய ஒத்தாசை. ஆனால் உள்ளே இருக்கும் ஊருக்கு டவுன் பஸ் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைதான் வரும். விட்டால் ஷேர் ஆட்டோ, இல்லையென்றால் மெயின் ரோட்டிலிருந்து நடை. ஆண் மாணவர் முழுக் கட்டணம் கொடுத்தே போக வேண்டும். கடைசியில் எந்தப் பள்ளிக்கு மாணவர் போகிறார்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கு. கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களின் உட்கிராமப் பள்ளிகளுக்கு ஆள் போய்ச் சேர்வதில்லை.

அங்கேதான் தேவை அதிகம். செட்டிநாடு என்றாலே பெரிய வீடும் பர்மா தேக்கும்தான் வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி வீட்டுப் பிள்ளை, ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை செய்பவர் பிள்ளை, புதுவயல் அரிசி ஆலைக் கூலி வீட்டுப் பிள்ளை, கரிமூட்டம் போடும் குடும்பத்துப் பிள்ளை ஆகியோர் படிப்பது ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் அரசு உயர்நிலைப் பள்ளியிலும்தான். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்க, அப்பத்தாவிடம் வளரும் பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்கு அப்பத்தா சோறு போடுவார். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட, மீட்டிங்குக்கு வர, போனில் என்ன பார்க்கிறான் என்று கவனிக்க வீட்டில் ஆள் இருக்காது.

களப்பணிக்குப் பணம் தருவது உலகத்தில் எங்கும் இல்லாத விஷயம் அல்ல. ஆஸ்திரேலியாவில் சமூகப்பணி மாணவர் 1,000 மணி நேரம் களப்பயிற்சி முடிக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அந்த நாட்டு அரசு ஆசிரியப் பயிற்சி, செவிலியர், மகப்பேறு செவிலியர், சமூகப்பணி மாணவர்களில் தகுதியுள்ளவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் வாரம் 331.65 ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி. தேவை அதிகமுள்ள பள்ளி மாவட்டங்களில் மனநலப் பணியாளர்களைப் பயிற்றுவிக்க 2022 சட்டத்தின் கீழ் மானியம் ஒதுக்கினார்கள். 2025-ல் ஆட்சி மாறியதும் அதில் நிறைய மானியங்களை நிறுத்திவிட்டார்கள். ஒரே இடத்துப் பணத்தை நம்பக் கூடாது என்பதற்கு அது நல்ல பாடம். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருப்பவருக்கு உதவித்தொகை உண்டு. பி.எட். மாணவர் 16 வாரம் பள்ளியில் பாடம் நடத்தினாலும் கையில் எதுவும் வருவதில்லை. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் வந்தபோது முழுநேரப் படிப்பில் இருந்தவரைச் சேர்க்கவில்லை. ஆகவே களப்பணி மாணவருக்கு மாதப் பணம் தரும் ஏற்பாட்டை உள்ளூரிலேயே கட்ட வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள 2 பள்ளிகள், பள்ளிக்கு 2 மாணவர், வாரத்துக்கு 3 நாள், ஜூன் முதல் மே வரை என்றால் கோடை உட்பட 12 மாதம். செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் கழித்து 11 மாதம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால் 4 பேருக்கு 2,64,000. பயணச் செலவு தனியாக மாதம் 800 வீதம் 35,200. நான்கு பேருக்கும் ஒரு களப்பணி மேற்பார்வையாளர், வருகைக்கு 1,000 ரூபாய், 44 வருகைக்கு 44,000. பூட்டுள்ள இரும்புப் பெட்டி, கோப்புகள், வண்ணப் பென்சில், சார்ட் தாள் இவற்றுக்கு 6,800. ஆக மொத்தம் 3,50,000 ரூபாய். ஒரு வகுப்பறை கட்டும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த மண்ணில் கல்விக்குக் கொடுக்கும் கைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வர வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இன்றும் முன்னாள் மாணவர்கள் சுற்றுச்சுவர், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று செய்து கொடுக்கிறார்கள். கட்டடம் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் இருக்கும். ஒரு மாணவரின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் கல்வெட்டு கிடையாது. கொடுக்க மனசு உள்ளவர்களிடம் இதை வெளிப்படையாகவே பேசிவிடுவது நல்லது. அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகவும், 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவன சமூகப் பொறுப்பு நிதியிலும், ஊர் அறக்கட்டளையிலும் கேட்கலாம். இரண்டு இடத்திலாவது கேட்டு வைக்க வேண்டும்.

பணம் எந்த வழியாக மாணவரிடம் போகிறது என்பது, எவ்வளவு என்பதை விட முக்கியம். அதைப் பள்ளி வழியாகக் கொடுக்காதீர்கள். ‘சம்பளம் வாங்குறீங்கல்ல, ஏழாம் வகுப்புக்கு டீச்சர் லீவு, போய் உட்காருங்க’ என்பதில் ஆரம்பித்து, எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவது, வினாத்தாள் நகல் எடுப்பது என்று ஒரு மாதத்தில் அவர் பள்ளியின் எழுத்தர் ஆகிவிடுவார். ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. தலைமையாசிரியரின் சங்கடமும் புரிகிறது. ஆனாலும் வகுப்பில் பிரம்போடு நின்றவரிடம் எந்தப் பிள்ளையும் வீட்டுக் கதையைச் சொல்லாது. இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக்குள்ளேயே ஒருவர் மேல் புகார் வந்தால், பள்ளியிடம் கைநீட்டிப் பணம் வாங்கும் மாணவர் வாய் திறக்கத் தயங்குவார். கல்லூரி அல்லது அறக்கட்டளைக் கணக்கிலிருந்து மாதம் 5-ஆம் தேதிக்குள் நேராக அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். செமஸ்டர் கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றால், பந்தி பரிமாறப் போகிறவர் போய்க்கொண்டேதான் இருப்பார்.

அனுமதிக் கடிதத்தில்தான் பல திட்டங்கள் தடுக்கி விழுகின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஏப்ரலிலேயே கல்லூரியின் சமூகப்பணித் துறைத்தலைவர் எழுத வேண்டும். ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக்குத் தொடக்கக் கல்வி மாவட்ட அலுவலரும் வட்டாரக் கல்வி அலுவலரும் தெரிந்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்குச் செயலர். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கை. ராயவரம், கோனாப்பட்டு புதுக்கோட்டை. அங்கே வேறு முதன்மைக் கல்வி அலுவலர், வேறு குழந்தைகள் நலக் குழு. சிவகங்கைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ராயவரம் போனால் திரும்பி வர வேண்டியதுதான். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் பணியாளருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு தேவை. மாணவருக்கும் அதைச் செய்து கடிதத்தோடு இணைத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அனுமதி ஆகஸ்டில் வந்தால் அந்த வருடம் பாதி போயிற்று.

முதல் இரண்டு வாரம் எந்தப் பிள்ளையையும் தனியாக அழைக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டை மூன்று மாதத்துக்குப் புரட்டிப் பாருங்கள். மாதம் 4 நாள் வராத பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தாலும் கதை வேறுவேறாக இருக்கும். ஒருத்தியின் விடுப்பு ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் விழுகிறது. அது வாரச்சந்தை நாளா, அம்மா வேலைக்குப் போய்விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் நாளா என்று கேட்கலாம். இன்னொருத்தியின் 4 நாளும் மாதத்தில் ஒரே தொடராக வருகிறது. அங்கே முதலில் போய்ப் பார்க்க வேண்டியது பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதை. வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு அறிவுரை சொல்வது அப்புறம். பதிவேட்டுக்கு அடுத்து விவரம் தெரிந்தவர் சத்துணவு அமைப்பாளர். எந்தப் பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்கிறது, எது தட்டை அப்படியே வைக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் வாரத்திலிருந்து ஆளுக்கு 8 முதல் 10 பிள்ளைகள் போதும். கோப்பு கனமாக இருக்கட்டும் என்று 30 பேரை எடுத்தால் ஒருவருக்கும் எதுவும் நடக்காது.

தனி அறை எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. ஆய்வகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது தப்பு. பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை, மாணவருக்கும் இல்லை. ஆட்கள் கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாத இடம் வேண்டும். வேப்பமரத்தடி, கதவு திறந்திருக்கும் நூலகத்தின் ஓரம். பிள்ளை விளையாட்டு மைதானத்துக்கு முதுகு காட்டி உட்காரட்டும். அழுதால் மற்றப் பிள்ளைகளுக்கு முகம் தெரியாது. பேச்சை ஆரம்பிக்கும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும்: ‘நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன்னை யாராவது துன்பப்படுத்தினா, நீயே உன்னை ஏதாவது பண்ணிக்கலாம்னு நினைச்சா, இன்னொரு பிள்ளைக்கு ஆபத்துன்னா, அப்ப மட்டும் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.’ ‘எதையும் வெளியே சொல்ல மாட்டேன்’ என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால், அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பாது.

பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி, நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பது தெரிந்தவர் ஒவ்வொருவர் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைத்துச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு மாணவரின் கடமை முடிந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 1 வருடம் வரை. இதை ஜூன் மாதமே தலைமையாசிரியரும் மாணவரும் மேற்பார்வையாளரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அந்த நாள் வந்தபிறகு பேசினால் ‘பள்ளி பேர் கெட்டுப்போகும்’ என்ற வார்த்தைதான் முதலில் வரும்.

குழந்தைத் திருமணம் என்று காதில் விழுந்தால், தனியாக வீட்டுக்குப் போய்க் கெஞ்ச வேண்டாம். மறுநாளே பெண்ணைச் சொந்தக்காரர் ஊருக்கு அனுப்பித் தேதியை முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். 1098, மாவட்டச் சமூகநல அலுவலர். அந்த வரிசையில் போங்கள். தகவல் கொடுத்தவர் பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் பெயர் எழுதாமல் எண் போடுங்கள். எண்ணும் பெயரும் சேர்ந்த தாள் பூட்டிய பெட்டியில் தனியாக இருக்கட்டும். வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னைக்கு ஒரு கேஸ்’ என்று ஒரு வரிகூடப் போடக் கூடாது. சின்ன ஊர். வகுப்பும் தெருவும் சொன்னாலே பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

மேற்பார்வையாளர் வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொரு மாணவரோடும் தனியாக உட்கார வேண்டும். சிவப்பு மையில் எழுத்துப்பிழை திருத்தி ‘நன்று’ என்று கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது. இருபத்திரண்டு வயதில், குடித்துவிட்டு வரும் அப்பாவைப் பற்றி ஒரே வாரத்தில் மூன்று பிள்ளைகள் சொல்லக் கேட்ட மாணவருக்கு ராத்திரி தூக்கம் வராது. அதை அவர் முதலில் சொல்ல வேண்டிய இடம் அந்த ஒரு மணி நேரம். டெலிமானஸ் என்னும் மனநல உதவி எண் 14416 பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல என்றும் சொல்லி வையுங்கள்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு தாள் தயாராக வேண்டும். கோடையில் கவனம் தேவைப்படும் பிள்ளைகளின் எண்கள், யார் வீட்டில் யாரிடம் பேசினால் பேச்சு எடுபடும், எந்தப் போன் எண் வேலை செய்கிறது, பதினொன்றாம் வகுப்பில் சேர எந்தச் சான்றிதழ் குறைகிறது. இதன் நகல் ஒன்று மேற்பார்வையாளரிடம், ஒன்று பள்ளியில் பூட்டிய பெட்டியில். தேர்வு முடிந்து மே மாதம் மாணவர் திரும்பி வந்து, வாரம் ஒரு தடவை அந்த வீடுகளை எட்டிப் பார்க்கிறார். அந்த மாதத்துக்கும் 6,000 ரூபாய் உண்டு. ஜூனில் புதிதாக வருபவரை அவரே கூட்டிக்கொண்டு போய், ‘இனிமே இந்த அக்கா வருவாங்க’ என்று பிள்ளையின் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.