ஆச்சியின் நெஞ்சுப்பட்டைக்கு அலுமினியத் தாள் எதற்கு?

நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் இதயத்துடிப்பைப் பதிந்து, புளூடூத் அலையில் கைபேசிக்கும் அதன்வழி மருத்துவருக்கும் அனுப்பும் ஒட்டுப்பட்டைகளுக்கு ஆன்டெனா செய்பவன் நான். காரைக்குடியில் என் மேசைக்கு ‘பழுது’ என்ற சீட்டோடு மறுபடியும் அப்படி ஒரு பட்டை வந்தது. இந்த ஆண்டில் நான்காவது. சோதித்தேன், பழுது எதுவும் இல்லை. தேவகோட்டை ஆச்சி ஒருவர் அணிந்திருந்தது அது. ‘கதிர்வீச்சு நெஞ்சைச் சுட்டுவிடும்’ என்று யாரோ சொல்ல, வீட்டார் அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் பதிவு மருத்துவருக்குப் போய்ச் சேரவே இல்லை.

கதிர்வீச்சு என்ற ஒரே சொல்லுக்குள் எக்ஸ் கதிரையும் புளூடூத்தையும் போட்டு அடைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மருத்துவமனை எக்ஸ் கதிரின் ஒரு துகள் சுமக்கும் ஆற்றல், புளூடூத் துகளினுடையதைவிட 100 கோடி மடங்குக்கும் மேல். அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் திராணி புளூடூத்துக்குக் கிடையாது. ‘சூடாக்குமே’ என்பீர்கள். கணக்குப் போடுவோம். இந்தப் பட்டை அனுப்புவது 1 மில்லிவாட். அதை முழுவதுமாக ஒரே ஒரு கிராம் தசை விழுங்கினாலும் கிலோவுக்கு 1 வாட்தான். கைபேசியிலிருந்து உடல் உறிஞ்சுவதற்கு இந்தியாவில் 2012 முதல் உள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அதுவும் பட்டை இடைவிடாமல் அனுப்புவதில்லை. விட்டுவிட்டு, கண நேரம்தான். காதில் வைக்கும் கைபேசியோ இதைவிட 100 மடங்குக்கும் மேல் வலுவாக அனுப்பக்கூடியது.

கெடுப்பது தாள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.; முறைப்படி ஆன்டெனாவுக்கு அதில் பாதியோ கால் பங்கோ நீளம் வேண்டும். நாங்கள் நெளித்து மடித்து 2 செ.மீட்டருக்குள் அடக்குகிறோம். அடக்க அடக்க அதன் சுருதி, அதாவது அது இசைந்திருக்கும் அலைவரிசை, எளிதில் விலகும். அந்தச் சுருதியைத் தசை இழுக்கும், வியர்வை இழுக்கும். அதனால்தான் உடல் தசைக்கு ஈடாக உப்பும் சர்க்கரையும் கரைத்துச் செய்த பொய்யுடல்மேல் வைத்துச் சுருதி சேர்க்கிறோம். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த சுருதி, மேலே உலோகத் தாள் விழுந்ததும் கலைந்துவிடுகிறது, மிஞ்சும் அலையும் வெளியே வர வழியில்லை.

பட்டையின்மேல் தாள், தாயத்து, காசு எதுவும் வேண்டாம். கைபேசியை முகப்பில் போட்டுவிட்டு ஆச்சியை இரண்டாம் கட்டில் படுக்கவைக்காதீர்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனம் உங்களுக்குத் தெரியாததா? அதே அறையில், மார்புப் பக்கமாக வையுங்கள். முதுகுப் பக்கம் வைத்தால் உடலே மறித்துவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் என்றால் கைபேசி அதிலிருந்து 15 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும்.

அந்த ஆச்சி வீட்டில் அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம். செட்டிநாட்டுப் பொன்தாலியான கழுத்துரு நெஞ்சை மறைத்துத் தொங்கும்; அதுவும் உலோகம்தானே. ஆசையோடு பூட்டிக்கொள்ளட்டும். சடங்கு முடிந்ததும் அதைக் கழற்றி வையுங்கள். பட்டையைக் கழற்றிவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.