வேலை கிடைக்காமலேயே குறையும் வேலையின்மை

சென்னையில் எத்தனை பேருக்கு வேலை இல்லை என்ற பேச்சு வந்தால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் பலரும் சொல்வார்கள். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. தனியார் கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவரும், அரசு வேலை வரும் என்ற நம்பிக்கையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். பதிவே செய்யாத கட்டடத் தொழிலாளி அந்தப் பட்டியலில் வரவே மாட்டார்.

செய்திகளில் அடிபடும் வேலையின்மை விகிதம் வேறு வழியில் கிடைப்பது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒன்றைத் தொடர்ந்து நடத்துகிறது. மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய், கடந்த ஏழு நாட்களில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று விசாரிக்கிறார்கள். ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். மேஸ்திரி கூப்பிட்ட ஒரே ஒரு நாள் மட்டும் சாரம் ஏறிய சித்தாளுக்கும், வாரம் முழுக்க அலுவலகம் போனவருக்கும் இந்தக் கணக்கில் ஒரே இடம்.

அந்த ஒரு மணி நேரம்கூட இல்லாமல், வேலை தேடியவரோ கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தவரோதான் வேலையற்றவர். வேலையில் இருப்பவரும் வேலையற்றவரும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை; படிப்பவர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். வேலையற்றவர்களைத் தொழிலாளர் படையால் வகுத்தால் விகிதம் வந்துவிடும்.

சிக்கலும் இந்த வகுத்தலில்தான். 100 பேர் கொண்ட படையில் 10 பேருக்கு வேலை இல்லை, விகிதம் 10 சதவீதம். அதில் 4 பெண்கள், இனி வேலையே வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது 96 பேரில் 6 பேர், அதாவது 6.25 சதவீதம். யாருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, ஆனால் விகிதம் இறங்கிவிட்டது.

பெருநகரத்தில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு: ஊரை விட்டே போவது. 2020 ஊரடங்கின்போது ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்திய நகர்ப்புற வேலையின்மை சுமார் 21 சதவீதத்தைத் தொட்டது. முந்தைய காலாண்டில் அது 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அந்த மே மாதத்தில்தான் சென்னையிலிருந்தும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். அப்படிப் போனவர் சென்னையின் வேலையற்றோர் கணக்கிலும் இல்லை, தொழிலாளர் படையிலும் இல்லை. அவருடைய துன்பம் பீகாரிலோ ஒடிசாவிலோ ஏதோ ஒரு கிராமத்தின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஆலைகள் மூடும்போதும் இப்படித்தான் நடக்கும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-இல் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டுமே மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பவை. கணக்கெடுப்போ ஆளை அவர் குடியிருக்கும் இடத்தில்தான் எண்ணும். வாடகை அறையைக் காலி செய்துவிட்டுத் திருவண்ணாமலைக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பிய தொழிலாளியைச் சென்னையில் எப்படி எண்ண முடியும்? அப்புறம், எது சென்னை என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-இல் அரசு ஆணையிட்டது. எல்லை மாறினால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே ஒப்பிட முடியாது.

இந்தியா முழுவதும் பார்த்தால், அதிகம் படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடம் வேலையின்மை விகிதம் பல மடங்கு அதிகம். படிக்காதவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சும்மா இருந்தால் அடுப்பு எரியாது என்பதால் கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்கள். பட்டதாரிக்கு வீட்டில் சாப்பாடு போட ஆள் இருக்கும்வரை படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்க முடிகிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது அதே அறிக்கையில் வரும் இன்னொரு எண்ணை: 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிலும் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பது. இங்கே வகுப்பது அந்த வயதினர் எல்லோருடைய எண்ணிக்கையால். வீட்டோடு ஒதுங்கிய அந்த 4 பெண்களும் இந்தக் கணக்கை விட்டுப் போவதில்லை.