காயத்திலிருந்து வேர்: மல்லிகைக் குச்சி செடியாகும் விதம்

குண்டுமல்லி நம் தோட்டங்களில் அநேகமாகக் காய்ப்பதில்லை. ஆகவே ஒரு வீட்டு மல்லி இன்னொரு வீட்டுக்கு விதையாகப் போவதில்லை. குச்சியாகவோ பதியனாகவோதான் போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் வயல்களுக்கும்கூட, இராமேசுவரம் அருகே தங்கச்சிமடம் வட்டாரத்தில் குச்சிகளை வேர்பிடிக்க வைத்து வளர்க்கும் நாற்றுகளே பெருமளவில் வருகின்றன. ஒரு சாண் நீளக் குச்சி, தன்னிடம் இல்லாத வேரை எங்கிருந்து பெறுகிறது?

வெட்டுக்காயத்திலிருந்துதான். கத்தி பட்ட சில நிமிடங்களுக்குள், காயம்பட்ட இடத்துச் செல்களில் சவ்வுக் கொழுப்பு சிதைந்து ஜாஸ்மோனிக் அமிலம் என்ற பொருள் உருவாகத் தொடங்குகிறது. இந்தப் பெயரே மல்லிகைக் குடும்பத்தின் கொடை. 1962-இல் பிச்சிப்பூ எண்ணெயின் வாசனையை ஆராய்ந்தவர்கள் அதிலிருந்து இந்த அமிலத்தின் நெருங்கிய உறவான மீத்தைல் ஜாஸ்மோனேட் என்ற சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். பூவின் மணப்பொருளாக அறிமுகமான அது, பூச்சி கடித்தாலும் கிளை முறிந்தாலும் தாவர உடல் முழுவதும் பரவும் அபாயச் செய்தி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. காயத்தில் திடீரென உயரும் ஜாஸ்மோனேட், வேரை உண்டாக்கும் ஹார்மோனாகிய ஆக்சின் அந்த இடத்தில் சுரக்கத் தூண்டுகிறது என்று ஆய்வுக்கூடச் செடிகளில் கண்டிருக்கிறார்கள். அந்த எழுச்சி சற்று நேரத்தில் அடங்கிவிடவும் வேண்டும். நீடித்தால் வேருக்கு அதுவே தடை.

ஆக்சினின் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. நுனித் தளிரிலும் இளம் இலைகளிலும் உருவாகி, மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வேகத்தில் செல்லுக்குச் செல் கைமாறிக் கீழே இறங்கும் அது, முழுச் செடியில் வேர்வரை போய்ச் சேரும். வெட்டிய குச்சியில் அதற்கு மேற்கொண்டு வழியில்லாததால் அடிமுனையில் தேங்குகிறது. குச்சியைத் தலைகீழாக நட்டாலும் இந்தப் போக்கு உடனே மாறிவிடுவதில்லை. பழைய அடிமுனை எதுவோ அங்கேதான் வேர்விட முயலும். அதனால்தான் வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டி அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். ஆக்சின் வேரைத் தூண்டும் என்று 1930-களின் நடுவில் உறுதியானது. 1935-இல் அதே வேலையைச் செய்யும் இண்டோல் பியூட்ரிக் அமிலமும் கண்டறியப்பட்டது. இன்று நர்சரியில் வாங்கும் வேரூக்கிப் பொடிகள் பலவற்றிலும் இருப்பது அதுதான். வீட்டில் பலர் இளநீரில் முக்கி வைக்கிறார்கள். இளநீரில் ஆக்சின் உண்டு, ஆனால் வேர் பிறப்பதைத் தடுக்கக்கூடிய சைட்டோகைனின் என்ற ஹார்மோனும் உண்டு. போதாததற்கு, அதன் சர்க்கரை பூஞ்சையை விருந்துக்கு அழைக்கும். நான் அதைக் குடித்துவிடுவதையே விரும்புகிறேன்.

ஆக்சின் தேங்கிய இடத்தில், தண்டின் நீர்க்குழாய்களை ஒட்டியுள்ள சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மீண்டும் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. இதற்கிடையே வெட்டுவாயை மூடிக்கொண்டு வெளிறிய, பொருபொருவென்ற ஒரு புடைப்பு வளரும். இதைக் காலஸ் என்பார்கள். இது காயத்தின் மூடி, வேரல்ல. பெரும்பாலும் வேர் இதிலிருந்து முளைப்பதுமில்லை. உண்மையான வேர் உள்ளிருந்து பட்டையைப் பிளந்துகொண்டு, அரிசி முனைபோல் வெள்ளையாக, பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். கணுவை ஒட்டி இது எளிதில் நிகழ்வதால், கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவது நல்லது.

இத்தனையும் நடக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை குச்சி காயாமலும் அழுகாமலும் இருக்க வேண்டும் என்பதே வீட்டில் நாம் பார்க்க வேண்டிய வேலை. பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, மொட்டில்லாத கிளையில் மூன்று நான்கு கணுக்கள் உள்ள துண்டு பொருத்தமானது. இலைகள் நீரை ஆவியாக்கி இழக்கின்றன, ஆனால் வேருக்கு வேண்டிய சர்க்கரையைத் தருபவையும் அவையே. எனவே கீழ் இலைகளை நீக்கி, மேலே ஓரிரு இணைகளை மட்டும் விட்டு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காற்றின் ஈரத்தைக் காப்பாற்ற வேண்டும். வளமான மண்ணைவிட ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த கலவை மேல், ஏனெனில் பிரியும் செல்களுக்கு உரத்தைவிட ஆக்சிஜன் அவசரம்.

முதல் முறை என் குச்சி பத்தே நாளில் தளிர்விட்டது. வேர் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து வெயிலில் வைத்தேன். இரண்டு நாளில் கருகியது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் காலஸ் மட்டுமே இருந்தது. தண்டில் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டே மொட்டு விரிந்திருக்கிறது.

இந்த ஆபத்தைத் தவிர்க்கும் பழைய வழி பதியன். தாழ்ந்த கிளையின் ஒரு கணுவில் பட்டையை லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துவிடுவார்கள். உள்ளே உள்ள கட்டை வழியாகத் தாய்ச்செடியின் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். பட்டை வழியாக இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் சீவிய இடத்தில் தேங்கும். மண்ணின் இருட்டும் வேருக்குத் துணை. குச்சியானாலும் பதியனானாலும் சோதிக்கும் முறை ஒன்றே: இரு விரலால் மிக மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர்விட்டது வர மறுக்கும்.