நடுவில் புள்ளி தொலையும் பலகை

கடலூர் தேவனாம்பட்டினத்தில், வெள்ளிக் கடற்கரைக்குப் போகும் வழியில் நான் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் மெஸ் ஒன்று இருக்கிறது. வாசலில் சிவப்பு எழுத்து ஓடும் எல்.இ.டி. போர்டு. 'மீன் சாப்பாடு தயார்' என்று வலமிருந்து இடமாக ஓடும். போன மாதம் அதில் ஒரு விசித்திரம். வலது ஓரத்தில் 'மீன்' என்று ஒழுங்காகப் புறப்படும் சொல், நடுவுக்கு வந்ததும் 'மீன' ஆகிவிடும். 'சாப்பாடு' 'சாபபாடு' ஆகும். இடது பக்கம் போனதும் புள்ளிகள் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"நான் சரியாத்தான் அடிச்சேன் தம்பி, நடுவுல மட்டும் புள்ளியத் தின்னுடுது" என்றார் மெஸ் நடத்தும் அக்கா.

அவர் சொன்னது உண்மைதான். ஏனென்றால் போர்டில் எழுத்து ஓடுவதே இல்லை. ஒவ்வொரு விளக்கும் இருந்த இடத்திலேயே எரிந்து அணைகிறது. அக்கம்பக்கத்து விளக்குகள் அடுத்தடுத்து எரியும்போது, எழுத்து நகர்வதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் சில விளக்குகள் வேலை செய்யவில்லை என்றால், அங்கே வரும் எந்த எழுத்தும் ஊனப்படும். கடந்து போனதும் சரியாகிவிடும்.

இந்த வகைப் போர்டுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் பி10. ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே 10 மில்லிமீட்டர் என்பதே அந்தப் பத்து. போர்டு என்பது மாட்யூல் எனப்படும் துண்டுப் பலகைகளின் சேர்க்கை. ஒரு மாட்யூலில் குறுக்கே 32, நெடுக்கே 16, ஆக 512 விளக்குகள். மெஸ் வாசலில் இருப்பது பக்கத்துப் பக்கத்தில் மூன்று மாட்யூல். மொத்தம் 1,536 விளக்குகள்.

பதினாறே வரியில் தமிழ் எழுதுவது எளிதல்ல. ஆங்கிலப் பெரிய எழுத்து என்றால் பதினாறு வரியையும் நிரப்பிக்கொண்டு நிற்கும். தமிழுக்கு மேலே புள்ளிக்கும் 'மி', 'மீ' வளைவுக்கும் இடம் விட வேண்டும், கீழே 'டு', 'மு' வாலுக்கும் இடம் வேண்டும். மிஞ்சுவது ஒன்பது, பத்து வரி. அதற்குள் 'ண'வின் சுழிகள் அடைய வேண்டும். புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. அந்த வரி இருண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இட மாட்டார்கள். படிப்பவர்தான் இடமறிந்து சேர்த்துப் படிக்க வேண்டும். மெஸ்ஸுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஒரு வரி மட்டும் எப்படி இருண்டது? போர்டு எல்லா வரியையும் ஒரே சமயத்தில் எரிப்பதில்லை. முதலில் 1, 5, 9, 13-ஆம் வரிகள். பிறகு 2, 6, 10, 14. இப்படி நான்கு தவணையில் ஒரு சுற்று. நொடிக்கு 60 தடவைக்கு மேல் இது நடப்பதால் எல்லாம் சேர்ந்தே எரிவதாக நமக்குத் தோன்றுகிறது. எந்த நொடித்துளியிலும் உண்மையில் எரிவது கால்வாசிதான். கைபேசியில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் படம் எடுத்துப் பாருங்கள்: சில வரிகள் சிவப்பாகவும் மற்றவை கருப்பாகவும் விழும். நான்கு வரிகள் ஒரே சில்லுகளை (சிப்) பங்கிட்டுக்கொள்வதால் செலவு குறைகிறது. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு தவணைக்கு மாட்யூல் ஒன்றுக்கு 128 விளக்குகள். எது எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்ற செய்தி ஒரே கம்பி வழியாக வருகிறது. சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதுபோல, ஒவ்வொரு சில்லும் வாங்கியதை அடுத்த சில்லுக்குத் தள்ளும். ஒரு சில்லுக்கு எட்டு விளக்கு. மாட்யூலுக்குப் பதினாறு சில்லு. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சைகை வரும், அப்போதுதான் விளக்குகள் மாறும்.

இதை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம். நடு மாட்யூலில் கைமாற்றும் சில்லு ஒன்று கெட்டிருந்தால், அதற்கு அப்பால் இருக்கும் மாட்யூலும் குழம்பியிருக்கும். அங்கே எழுத்து சுத்தமாக வந்தது. ஆக, செய்தி ஒழுங்காகக் கடந்து போகிறது. நடு மாட்யூலில் உற்றுப் பார்த்தால் முதல் வரி மட்டுமல்ல, 5, 9, 13-உம் இருட்டு. ஒரு தவணைக்கு மின்சாரம் திறந்துவிடும் சில்லுதான் கெட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தப் போர்டுக்குத் தமிழே தெரியாது. கணினி எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'மெ' என்பதில் 'ம' முதலில், கொம்பு பிறகு என்றே சேமிக்கப்படுகிறது. வரையும்போதுதான் கொம்பு முன்னால் வர வேண்டும். அந்த அறிவு போர்டை இயக்கும் சிறிய கார்டுக்கு இல்லை. அதனால் பல செயலிகள் எழுத்தைக் கைபேசியிலேயே படமாக வரைந்து, எரி–அணை என்ற புள்ளிகளாக மட்டும் அனுப்புகின்றன. மூன்று மாட்யூலையும் ஒருமுறை நிரப்ப 192 பைட் போதும்.

வாசலில் டிவியை மாட்டினால் என்ன என்று அக்கா கேட்டார். வீட்டு டிவியின் வெளிச்சம் வெயிலில் எடுபடாது. மேலும், திரையில் ஒளியைத் திருப்பிவிடும் திரவப் படிகம் அளவுக்கு மீறிச் சூடானால் தன் ஒழுங்கை இழக்கும். திரையில் கருந்திட்டுகள் படரும். ஆறினால் மறையும். எல்.இ.டி. போர்டில் அந்தப் படிகமே இல்லை, விளக்கு தானே ஒளிர்கிறது.

போர்டு பழுது பார்க்கும் தம்பி வந்து பின்பக்கத்தைத் திறந்தார். உப்புக் காற்று உள்ளே புகுந்து அந்தச் சில்லின் கால் பச்சை பூத்திருந்தது. சுரண்டி, சில்லை மாற்றி, ஈயம் வைத்தார். மூடும்முன் பொருத்துவாயெல்லாம் சிலிக்கோன் பசை தடவினார். சுவிட்சைப் போட்டதும் 'மீன்' வலது ஓரத்தில் புறப்பட்டது. அக்கா சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு வந்து, அது நடுவைத் தாண்டும்வரை நின்று பார்த்தார்.