ஒரே பக்கத்தில் மூன்று கைகள்: முகலாய ஓவியப் பாணி உருவான விதம்

லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அக்பரின் ஆட்சி வரலாற்றைச் சொல்லும் அக்பர் நாமாச் சுவடியின் 116 ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் அடி விளிம்பில், ஓவியச் சட்டத்துக்கு வெளியே, எழுத்தர் ஒருவர் சிவப்பு மையில் பொடியாக எழுதிய குறிப்பு ஒன்று இருக்கும். ஹவாய் என்ற முரட்டு யானையின் மீதமர்ந்து, யமுனையின் படகுப் பாலத்தின் வழியே மற்றொரு யானையை அக்பர் விரட்டிச் செல்லும் புகழ்பெற்ற காட்சியின் கீழ், வரைவு பஸாவன், வண்ணம் சத்தர் என்ற பொருளில் அந்தக் குறிப்பு அமைந்திருக்கிறது. வேறு சில பக்கங்களில் மூன்றாவது பெயரும் உண்டு. முகங்களை மட்டும் தீட்டியவரின் பெயர் அது.

இவை ஓவியர்கள் இட்ட கையொப்பங்கள் அல்ல. யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை அரண்மனை நிர்வாகம் பதிந்து வைத்த கணக்கு இது. முகலாய ஓவியத்தின் பாணி மாற்றங்களைப் புரிந்துகொள்ள, பேரரசர்களின் ரசனையைப் பற்றிய பொதுவான புகழுரைகளைவிட இந்தக் கணக்கே நல்ல வழிகாட்டி என்பது என் உறுதியான கருத்து. புரவலர் பணத்தை மட்டும் கொடுப்பதில்லை. வேலையை எப்படிப் பிரிப்பது, யார் மேற்பார்வையிடுவது, எதற்குப் பரிசு தருவது என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்கள் கோட்டிலும் வண்ணத்திலும் இறங்கிவிடுகின்றன.

தொடக்கம் ஒரு தோல்வியில் இருக்கிறது. 1540இல் ஷேர் ஷாவிடம் நாட்டை இழந்த அக்பரின் தந்தை ஹுமாயூன், 1544இல் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பின் அவையில் அடைக்கலம் பெற்றார். அங்கே மீர் சையத் அலி, அப்துல் சமத் ஆகிய இரண்டு தேர்ந்த ஓவியர்களைக் கண்டு தம்மிடம் அழைத்தார்; அவர்கள் 1549இல் காபூலுக்கு வந்து சேர்ந்தனர். நுண்ணிய கோடு, நிழலே விழாத தட்டையான வண்ணப் பரப்பு, படத்தின் உச்சியை ஒட்டி உயர்ந்து நிற்கும் தொடுவானம் ஆகியவை அவர்கள் கொண்டுவந்த பாரசீக மரபின் அடையாளங்கள். ஹுமாயூன் 1555இல் டெல்லியை மீட்டார். மறு ஆண்டின் தொடக்கத்திலேயே தம் நூலகப் படிகளில் இருந்து விழுந்து இறந்தார். இரண்டு ஓவியர்களும் பதின்மூன்று வயது அக்பரின் பொறுப்பில் வந்தனர்.

இளம் அக்பர் இட்ட பணி அளவில் மிகப் பெரியது. நபிகளின் சிறிய தந்தையான ஹம்சாவின் வீரசாகசக் கதையை 1,400 படங்களாக வரையச் சொன்னார். ஒவ்வொன்றும் துணியின் மீது, ஏறத்தாழ 68 சென்டிமீட்டர் உயரத்தில் தீட்டப்பட வேண்டும். பின்புறம் கதை எழுதப்பட்டிருக்கும். கதைசொல்லி உரையைப் படிக்கும்போது அவையோர் படத்தைப் பார்ப்பதற்காகவே இந்த அமைப்பு என்று கருதப்படுகிறது. 1562ஆம் ஆண்டளவில் தொடங்கிய இந்த வேலை ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்தது. பாரசீக முறையில் மாதக்கணக்கில் ஒரு சிறு பக்கத்தைச் செதுக்கும் இரண்டு ஆசிரியர்களால் இதைச் செய்து முடிக்க வழியே இல்லை. ஆகவே குஜராத், குவாலியர், காஷ்மீர் எனப் பல பகுதிகளைச் சேர்ந்த ஓவியர்கள் திரட்டப்பட்டு, அந்த இருவரின் கண்காணிப்பில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். சுடர்விடும் சிவப்பும், துள்ளும் உடலசைவும், நெருக்கமான உருவக் கூட்டமும் இந்திய ஓவியர்களின் கையில் ஊறியவை. பாரசீக ஒழுங்குக்குள் இந்த வேகம் புகுந்தபோதுதான் முகலாய பாணி என்று நாம் அழைப்பது பிறந்தது.

அந்த ஓவியக்கூடம் எப்படி நடந்தது என்பதை, அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் பஸல், ஆட்சி நிர்வாகத்தை விவரிக்கும் தம் அயினி அக்பரியில் எழுதியிருக்கிறார். தாரோகாக்கள் எனப்பட்ட மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் எல்லா ஓவியர்களின் வேலையையும் வாரந்தோறும் பேரரசர் முன் வைப்பர்; தரத்துக்கு ஏற்ப அவர் பரிசளிப்பார் அல்லது மாதச் சம்பளத்தை உயர்த்துவார். வண்ணங்களின் விலை முறையாக விசாரித்து அறியப்பட்டது, வண்ணக் கலவை மேம்பட்டது என்றும் அவர் குறிப்பிடுகிறார். பல்லக்குத் தூக்கியின் மகனான தஸ்வந்த், சுவர்களில் கிறுக்கிக்கொண்டிருந்த நிலையில் அக்பரின் கண்ணில் பட்டு, அப்துல் சமத்திடம் ஒப்படைக்கப்பட்டு, முன்னணி ஓவியராக உயர்ந்தார். பிறப்பைவிடக் கைத்திறன் முன்னே நின்ற இடமாக அந்தக் கூடம் இருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைக்காது. அதே தஸ்வந்த் 1584இல் மனநோயுற்றுத் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பதை எழுதாமல் கடக்க மனம் வரவில்லை.

ஒரு பக்கம் உருவாகும் முறையைப் பார்த்தால், வேலைப் பிரிவினை ஏன் இவ்வளவு எளிதாக அமைந்தது என்பது விளங்கும். பல தாள்களை ஒட்டித் தடிமனாக்கிய பரப்பில் முதலில் மெல்லிய கோட்டுரு வரையப்படும். அதன் மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சின் ஊடாகத் தெரியும் கோடுகளை மீண்டும் திருத்தி உறுதிப்படுத்துவர். பிறகு சாதிலிங்கம், அரிதாரம், பதக்‌ஷான் மலையில் இருந்து வந்த லாபிஸ் நீலக்கல், பொன்தூள் முதலியவை அரைக்கப்பட்டு, கருவேலம்பிசின் போன்ற பசையில் குழைத்து அடுக்கடுக்காகப் பூசப்படும். இடையிடையே ஓவியத்தை வழவழப்பான பலகையில் முகம் கவிழ்த்து வைத்து, முதுகுப்புறத்தை மெருகுக் கல்லால் தேய்ப்பர். இந்த அழுத்தத்தில் வண்ணத் துகள்கள் நெருங்கிப் படிந்து பரப்பு சமனாவதால், ஒளி சிதறாமல் திரும்பிப் பளபளப்பு கிடைக்கிறது. கடைசியில், அணில் வால் மயிரால் செய்த தூரிகையின் ஒற்றை நுனியால் கண்ணிமையும் ஆடையின் இழையும் தீட்டப்படும். ஒவ்வொரு கட்டமும் காய்ந்து முடிந்த பின்னரே அடுத்தது தொடங்குவதால், தாள் ஒருவர் கையில் இருந்து மற்றவர் கைக்கு மாறுவதில் தடையே இல்லை.

மரபுகளின் கலவை நிகழ்ந்தது இந்தக் கைமாற்றத்தில்தான். பாரசீக ஆசிரியரிடம் பயின்ற ஒருவர் அமைப்பை வரைய, குஜராத் மரபில் வந்தவர் வண்ணம் இட, முகத்தின் சாயலைப் பிடிப்பதில் தேர்ந்த மூன்றாமவர் தலைகளை முடித்தால், ஒரே தாளில் மூன்று பயிற்சிகள் அருகருகே நிற்கின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர வேண்டியிருந்ததால், ஒருவரது வழக்கத்தை மற்றவர் கற்றே ஆகவேண்டிய கட்டாயமும் எழுந்தது.

1582இல் அக்பர் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்து, ரஸ்ம் நாமா என்ற பெயரில் அதற்கு ஓவியங்களும் வரையச் சொன்னார். பாரசீகக் காவியமான ஷாநாமாவின் காட்சிகளுக்கு அந்நாட்டில் நூற்றாண்டுகளாக முன்மாதிரிகள் இருந்தன. குருட்சேத்திரப் போருக்கு அந்த மரபில் எதுவும் இல்லை. எனவே தஸ்வந்தும் அவரது தோழர்களும் புதிய காட்சியமைப்புகளைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 1580இல் கோவாவில் இருந்து வந்த ஏசு சபைத் துறவிகள், ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தைப் பரிசாகக் கொடுத்தனர். அதிலிருந்தும் பிற ஐரோப்பிய அச்சுப்படங்களில் இருந்தும் ஒளி நிழலால் உடலுக்குத் திரட்சி தருவதையும், தொலைவை மங்கலாக்கிக் காட்டுவதையும் பஸாவன், கேசவ தாஸ் போன்றோர் எடுத்துக்கொண்டனர்.

ரசனை ஒன்றே பாணியைத் தீர்மானிக்கிறது என்று எண்ணுவோர், அதே அக்பருக்காக 1595இல் முடிக்கப்பட்ட நிஜாமியின் கம்சாச் சுவடியைப் பார்க்க வேண்டும். அது கவிதை நூல், அளவில் சிறியது, ஒரு பக்கத்தைப் பெரும்பாலும் ஒரே ஓவியரே முழுமையாகத் தீட்டினார். அக்பர் நாமாவின் நெரிசலும் பரபரப்பும் அங்கே இல்லை. நுட்பமும் அமைதியும் நிலவுகின்றன. இரண்டு சுவடிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை, புரவலரும் ஒருவரே. மாறியது பணியின் தன்மையும், அதற்கேற்ற வேலை ஏற்பாடும்தான். ஒரே மன்னரின் கூடத்தில் இரண்டு பாணிகள் நிலவியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் இந்த இரண்டாவது வழியையே தம் வழியாக்கிக்கொண்டார். இளவரசர் சலீமாகத் தந்தைக்கு எதிராகக் கிளர்ந்து அலகாபாத்தில் தனி அவை நடத்திய காலத்திலேயே, ஈரானில் இருந்து வந்த ஆகா ரிஸாவின் தலைமையில் அவருக்கென ஓர் ஓவியக்கூடம் இருந்தது. 1605இல் அரியணை ஏறியபின் ஓவியர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, நீண்ட கதைச் சுவடிகளுக்கு மாறாக, முரக்கா எனப்படும் தொகுப்பேடுகளில் ஒட்டுவதற்கான தனிப் படங்களை விரும்பினார். ஒரு முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறு ஒருவர் தீட்டியிருந்தால் அவர் யார் என்று தம்மால் சொல்ல முடியும் எனத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கையை அடையாளம் காணும் புரவலர் வாய்த்ததும், ஓவியருக்குத் தனிக்கை என்ற ஒன்று மதிப்புப் பெற்றது. ஆகா ரிஸாவின் மகன் அபுல் ஹசன் 'காலத்தின் அரியவர்' என்ற பொருள்படும் பட்டம் பெற்றார். பிஷன்தாஸ் 1613இல் தூதுக்குழுவோடு ஈரானுக்கு அனுப்பப்பட்டு, ஷா அப்பாஸின் உருவத்தை நேரில் பார்த்து வரைந்து 1620இல் திரும்பியபோது, யானை ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

ஜஹாங்கீரின் ஆர்வத்தில் அறிவியல் மனம் இருந்தது. 1612இல் கோவாவில் இருந்து வான்கோழி உள்ளிட்ட விசித்திரப் பறவை விலங்குகள் வந்தபோது, பாபர் உயிரினங்களை எழுத்தில் விவரித்தாரே தவிர ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்யவில்லை என்று குறிப்பிட்டு, தாம் இரண்டையும் செய்வதாகச் சொல்கிறார். 1621இல் வரிக்குதிரை ஒன்று வந்தபோது, வரிகள் யாரோ தீட்டியவையோ என்ற ஐயம் எழுந்து, ஆராய்ந்த பிறகே அவை இயற்கையானவை என்று ஏற்கப்பட்டது. அதை வரைந்தவர் மன்சூர். பின்புலத்தை வெறுமையாக விட்டு, இறகையும் அலகையும் அளந்ததுபோல் தீட்டும் அவரது முறை, புரவலர் எழுப்பிய கேள்விக்கான விடையாகவே உருக்கொண்டது. அவருடையதாகக் கருதப்படும் டோடோ ஓவியம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அழிந்துபோன அந்தப் பறவையை உயிரோடு பார்த்து வண்ணத்தில் வரைந்த மிகச் சில ஆவணங்களில் ஒன்றாக விலங்கியலாளர் அதை மதிக்கின்றனர்.

இதே பார்வை மனிதர்கள் மீதும் விழுந்தது. 1618இல் அபினாலும் மதுவாலும் எலும்புக்கூடாகிச் சாகும் நிலையில் கொண்டுவரப்பட்ட அதிகாரி இனாயத் கானை வரையும்படி ஜஹாங்கீர் ஆணையிட்டார். விலா எலும்புகள் துருத்த, திண்டுகளில் சாய்ந்து வெறித்துப் பார்க்கும் அந்த உருவத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. மனிதத் துயரை ஆவணமாக்கும் அந்தக் குளிர்ந்த கவனம் என்னைக் கலங்கச் செய்கிறது. ஆயினும் முகலாய ஓவியத்தின் உச்சங்களில் ஒன்றாகவே அதைக் கருதுகிறேன்.

ஷாஜஹான் கேட்டது வேறு. இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ள, அவரது ஆட்சி வரலாறான பாத்ஷா நாமாவின் 44 ஓவியங்களில், ஒளிவட்டத்தோடு பக்கவாட்டு முகம் காட்டி மேலே வீற்றிருக்கும் பேரரசரின் கீழ், அவையோர் தகுதி வரிசைப்படி அணி அணியாக நிற்கின்றனர். ஒவ்வொரு முகமும் அடையாளம் காணத்தக்க உண்மை உருவம். ஆனால் யாரும் அசைவதில்லை. திறமை குறையவில்லை, நுட்பம் கூடியே இருக்கிறது. அரசவை ஒழுங்கே படத்தின் இலக்கணமாகிவிட்டது.

1658இல் ஆட்சிக்கு வந்த ஔரங்கசீபின் காலத்தில் அரண்மனை ஆதரவு படிப்படியாகச் சுருங்கியதால், ஓவியர்கள் சிற்றரசுகளை நாடிப் பிரிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இமயமலை அடிவாரச் சிற்றரசான குலேரைச் சேர்ந்த பண்டித சேவுவின் மகன் நைன்சுக், முகலாயக் கோட்டின் நுட்பத்தைக் கற்று, ஜஸ்ரோட்டாவின் பல்வந்த் சிங் என்ற சிறிய தலைவரிடம் சேர்ந்தார். அங்கே நூறு ஓவியர்களும் இல்லை, வாராந்தரப் பார்வையிடலும் இல்லை. கடிதம் எழுதுவது, குளிருக்குப் போர்த்தி அமர்ந்திருப்பது எனப் புரவலரின் அன்றாடத்தை அருகிருந்து பார்த்து வரைந்த ஒரே ஓவியர் மட்டும் இருந்தார். 1763இல் பல்வந்த் சிங் இறந்தபின் நைன்சுக் ஹரித்துவாருக்குச் சென்று, பண்டா எனப்படும் தலப் பூசாரியின் பதிவேட்டில் தம் கையாலேயே தம் குடும்ப விவரத்தை எழுதி, அதனருகே சிறு கோட்டோவியம் ஒன்றையும் வரைந்து வைத்தார்.