எந்த நோட்ஸை நம்புவது?

குரூப் 4 தேர்வு முடிந்த சில நாட்களில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) உத்தேச விடைகளை வெளியிடும். ஒரு விடை தவறு என்று பட்டால் தேர்வர் இணையவழியில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும்: நூல், ஆசிரியர், பதிப்பு, பக்க எண். பயிற்சி மையங்களின் நோட்ஸையும் கைடுகளையும் ஆதாரமாக ஏற்க முடியாது என்று தேர்வாணையமே சொல்லிவிடுகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் நான் சொல்வது இதைத்தான். பயிற்சி கொடுத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் எதை முதலில் படிப்பது என்ற கேள்விக்குத் தேர்வாணையமே கொடுத்த பதில் இது: நோட்ஸ் அல்ல, நூல்.

வருகிறவர்களின் போனைத் திறந்தால் டெலிகிராமில் இறக்கிய பிடிஎஃப் குவிந்து கிடக்கும். அரசியலமைப்புக்கு மட்டும் நாலைந்து நோட்ஸ். பெரும்பாலும் எல்லாமே ஒரே பள்ளிப் பாடநூலின் சுருக்கம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வரி விடுபட்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ‘சொத்துரிமை நீக்கம் – 44வது திருத்தம், 1978’ என்று ஒரு வரி நோட்ஸ் சொல்லும். அது அடிப்படை உரிமைகளிலிருந்து எடுக்கப்பட்டு 300ஏ பிரிவின்கீழ் சட்ட உரிமையாக இன்னும் இருக்கிறது என்ற பாதி அதில் வராது. ஆண்டை மட்டும் கேட்டால் தப்பித்துவிடலாம். கூற்று–காரணம் வகைக் கேள்வியில் விடுபட்ட அந்தப் பாதிதான் விடை.

அதற்காகப் பாடநூலே போதும் என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது. இப்போது பள்ளிகளில் உள்ள புத்தகங்கள் 2018-19லும் அடுத்த ஆண்டிலும் வகுப்பு வகுப்பாக வந்தவை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள் என்று இருக்கலாம், இன்று 38. யூனியன் பிரதேசங்கள் ஏழு என்றிருக்கும். 2020 ஜனவரி 26 முதல் எட்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இரும்பின் தொன்மையைப் பற்றிப் புத்தகம் ஒன்று சொல்லும். சிவகளை அகழாய்வை வைத்து 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை அதைப் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டுபோனது.

இதற்கெல்லாம் தனி நோட்டு போடாதீர்கள். அந்தப் பாடத்தின் பக்கத்திலேயே ஓரத்தில் பென்சிலால் தேதியோடு குறித்துவையுங்கள். நடப்பு நிகழ்வு தனி நோட்டிலும் பாடம் தனிப் புத்தகத்திலும் கிடந்தால் தேர்வு அறையில் இரண்டும் சேராது.

அரசுத் திட்டங்களில்தான் நோட்ஸ் அதிகம் காலை வாரிவிடுகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில். இரண்டுமே அண்ணா பிறந்தநாள். ஆண்டும் ஊரும் இடம் மாறிய பிடிஎஃப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தவறாகத் தட்டச்சு செய்ததைப் பத்து சேனல்கள் அப்படியே பகிர்ந்துகொண்டிருக்கும். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. சமூக நலம், பள்ளிக் கல்வி, ஊரக வளர்ச்சி போன்ற துறைகளில் திட்டத்தின் பெயர், தொடங்கிய நாள், பயனாளி யார், தொகை எவ்வளவு என்று எடுத்தால் போதும்.

பொதுத்தமிழை ‘நம்ம மொழிதானே’ என்று கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 200 கேள்விகளில் 100 அதில்தான். அந்த 100 கேள்விகளுக்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதற்கு ஆறாம் வகுப்பு முதல் தமிழ்ப் பாடநூல்கள்தான். பாடத்திட்டம் மாறிய பிறகும் பழைய பாடத்திட்ட நோட்ஸ் சுற்றிக்கொண்டிருப்பதால், எதைத் திறக்கும் முன்பும் தேர்வாணையத்தின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பகுதியில் 25 கேள்விகள். அதற்கு முந்தைய வினாத்தாள்கள் போதும். வீடியோ பார்த்துக் கணக்கு வராது, போட்டுத்தான் வரும்.

அப்படியென்றால் நோட்ஸே வேண்டாமா? வேண்டும், ரிவிஷனுக்கு. பாடநூலை ஒருமுறை முழுதாகப் படித்தவருக்கு நாற்பது பக்க நோட்ஸ் ஒரே நாளில் ஞாபகத்தைத் திரட்டித் தரும். படிக்காதவருக்கு அது வெறும் பட்டியல். பணம் கட்டி எழுதும் மாதிரித் தேர்வு வரிசையான டெஸ்ட் பேட்சும் அப்படித்தான். எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பதைவிட, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பாடநூலில் பக்கத்தைத் தேடுங்கள். தேடியும் எங்குமே கிடைக்காத கேள்விகள் ஒரு டெஸ்டில் நிறைய இருந்தால், அதைத் தயாரித்தவர் பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பணம் கட்டியாயிற்றே என்று அதையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்கள், அந்த நேரத்தை யூடியூபுக்குக் கொடுக்க வேண்டாம். பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். மேசையில் உட்கார்ந்தால் புத்தகம். ஹால் டிக்கெட் வந்தபிறகு நண்பர்கள் ‘சூப்பர் மெட்டீரியல்’ என்று அனுப்புவதை டவுன்லோடு செய்யவே செய்யாதீர்கள்.