முட்டி ஆபரேஷன் ஆன நாய்க்கு மூன்றாவது வாரம்தான் கண்டம்

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஜூலியை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். ஆறு வயது, 7 கிலோ, வெள்ளை வெளேரென்று சடை. வீட்டில் பொமேரியன் என்றார்கள். நம் பக்கத்தில் பொமேரியன் என்று சொல்லப்படுவதில் முக்கால்வாசி இந்தியன் ஸ்பிட்ஸ்தான், அது கிடக்கட்டும். அவள் உடல்வாகுக்கு ஐந்தரை கிலோ போதும். இடது பின்னங்காலைத் தரையில் வைக்காமல் மூன்று காலில் நின்றாள். கூடத்து ஊஞ்சலிலிருந்து குதித்தபோது ஒரு கத்தல் கத்தினாளாம், அதோடு சரி.

கூட வந்த பாட்டி கேட்டார்: "அந்த ஊஞ்சல்ல இருந்து தினம் பத்து வாட்டி குதிக்கும் தம்பி. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?"

நல்ல கேள்வி. கால்பந்து ஆடுகிறவர்களுக்கு ஒரே திருப்பில் முட்டி ஜவ்வு அறுந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். நாய்களுக்குப் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் அந்த ஜவ்வு, கிணற்றுக் கயிறு தேய்கிற மாதிரி மாதக்கணக்கில் இழை இழையாக நைந்துகொண்டே வரும். கடைசி இழைகள் விடுகிற நாளில் நமக்குத் தெரிகிறது. பழி ஊஞ்சல்மேல் விழுகிறது. இப்படி ஒரு காலில் நைந்துபோன நாய்களில் பாதிக்குப் பாதி, பின்னாளில் மறு காலிலும் அதே கோளாறோடு வருவதும் இதனால்தான்.

நொண்டுகிற சின்ன நாய்க்கெல்லாம் ஜவ்வுதான் போயிருக்கிறது என்றும் இல்லை. முட்டிச்சில்லு விலகியிருக்கலாம், உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வீங்கியிருக்கலாம். தொடை எலும்பை ஒரு கையிலும் கீழ்க்கால் எலும்பை மறு கையிலும் பிடித்து முன்னே தள்ளிப் பார்ப்போம். ஜவ்வு இருந்தால் நகராது. ஜூலிக்குக் கீழ்க்கால் எலும்பு இழுப்பறைபோல முன்னே வந்தது.

15 கிலோவுக்குக் கீழே உள்ள நாய்களில் சில, ஆபரேஷன் இல்லாமலே எடைக்குறைப்பும் கட்டுப்பாடுமாக ஓரளவு தேறிவிடும். எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலைக் கட்டிவைத்தால் அறுந்த ஜவ்வு ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பு முறிவுக்குப் போடுகிற கட்டால் ஜவ்வுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஜூலிக்குச் செய்தது சின்ன நாய்களுக்கு வழக்கமாகச் செய்வது. அறுந்த ஜவ்வைத் தைப்பதில்லை, தைத்தாலும் நிற்காது. மூட்டுக்கு வெளியே பக்கவாட்டில் தடித்த நைலான் இழை ஒன்றைப் போட்டு இறுக்கி முடிகிறோம். நாகப்பட்டினத்துக்காரர்களிடம் மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பு என்றால் சட்டென்று புரியும், ஏறக்குறைய அதேதான். அந்த இழை ஆயுசுக்கும் தாங்காது, தாங்கவும் வேண்டாம். அது பிடித்துக்கொண்டிருக்கும் எட்டுப் பன்னிரண்டு வாரத்துக்குள் மூட்டைச் சுற்றி உடம்பே தழும்புத்திசுவைத் தடிப்பாகக் கட்டிவிடும். முட்டியை உண்மையில் பிடித்து நிறுத்தப்போவது அந்தத் தழும்புதான். பெரிய நாய்களுக்கு எலும்பையே வெட்டித் திருப்பித் தகடு வைக்கிற முறை உண்டு. அங்கேயும் வெட்டிய எலும்பு ஒன்றுகூடுவதற்கு அதே இரண்டு மூன்று மாதம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நாய்க்கு இந்தக் கணக்கு தெரியாது. மூன்றாவது வாரத்தில் வலி போய்விடும். தையல் பிரித்தாயிற்று, முடி முளைக்கிறது, காலை ஊன்றுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முட்டிக்குள்ளே தழும்பு இன்னும் பிஞ்சு. வாசலில் பால்காரர் மணியடிக்கிறார், ஒரே பாய்ச்சல். இழை அறுகிறது, அல்லது முடிச்சு தளர்கிறது.

என் ஆரம்ப காலத்தில் ஒரு டேஷ்ஹண்ட் கலப்பு நாய்க்கு இப்படி ஆனது. தப்பு என்னுடையது. சீட்டில் "நன்றாக ஓய்வு கொடுக்கவும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அட்சரம் பிசகாமல் கேட்டார்கள். தெருவுக்கு அழைத்துப் போகவே இல்லை. வீட்டுக்குள் சோபா, கட்டில், மாடிப்படி எல்லாம் வழக்கம்போல. இருபதாவது நாள் திரும்பி வந்தது. "ஓய்வுலதான் சார் இருந்துச்சு, வெளியவே விடலை" என்று அந்த அண்ணன் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி. அன்றிலிருந்து ஓய்வு என்ற சொல்லைத் தனியாக எழுதுவதை விட்டுவிட்டேன்.

ஒரத்தநாட்டில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால், பெரிய சிகிச்சை என்றால் டெல்டாக்காரர்கள் நாமக்கல், சென்னை என்று அலைவார்கள். அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் அறுவை எங்கே நடந்தாலும் நாய் தேறுவது உங்கள் கூடத்தில்தான். அதனால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்பே வீட்டைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். தரை என்ன, படி எத்தனை, பகலில் யார் இருப்பார்கள், கதவு எப்படி மூடும்.

தரைதான் முதல் எதிரி. பழைய வீட்டுக் காவித்தரை மெழுகினாற்போல வழுக்கும், புது வீட்டு டைல்ஸ் அதைவிட மோசம். கோரைப்பாயைப் போட்டுவிட்டுப் பத்திரம் என்று நினைக்கிறார்கள். டைல்ஸ்மேல் பாய் சறுக்கும், நாய் பாயோடு சேர்ந்து போகும். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது நெல் பிடிக்கிற சணல் சாக்கு. அதைப் பிரித்து, துவைத்துக் காயவைத்து, ஓரங்களை அகலமான டேப்பால் தரையோடு ஒட்டிவிடுங்கள். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை, அங்கிருந்து வாசல்வரை ஒரு சாக்குப்பாதை. ஜூலி வீட்டில் நான்கு சாக்கு போதுமானதாக இருந்தது. பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளரும் சடையையும் கத்தரித்துவிட வேண்டும். சடை மெத்தையில் நின்றால் எந்தத் தரையும் வழுக்கும்.

அப்புறம் அடைப்பு. கூண்டு என்றாலே பலருக்கு மனசு வராது. "ஜெயில்ல போடுற மாதிரி இருக்கு டாக்டர்" என்பார்கள். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், தாவி ஏறும் உயரத்தில் எதுவும் இருக்கக்கூடாது. கூடத்து மூலையில் இரண்டு பெஞ்சைப் படுக்கவைத்து அடைத்தாலும் சரி. ஒரு வீட்டில் கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்க்கலாமா என்று கேட்டார்கள். யோசனை மோசமில்லை, ஆனால் அந்த நாய் பஞ்சாரத்தையே தூக்கிக்கொண்டு நடந்துவிடும். ஆட்கள் நடமாடும் இடத்தில் அடைப்பை வையுங்கள். கொல்லைப்புறத்தில் தனியே விட்டால் குரைத்தே குதிக்கும். முடிந்தால் தீபாவளியை ஒட்டி ஆபரேஷன் வைத்துக்கொள்ள வேண்டாம். வெடிச்சத்தத்தில் தாண்டாத நாய் அபூர்வம். ஐப்பசி மழையில் ஈரத்தரையும் ஈயும் வேறு.

முதல் இரண்டு வாரம் வெளியே போவது மலஜலத்துக்கு மட்டும், ஐந்து நிமிடம், கயிறோடு. அடிவயிற்றுக்குக் கீழே, தொடைக்கு முன்னால், ஒரு துண்டைக் குறுக்கே கொடுத்து இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கில்லை, வழுக்கினால் தாங்குவதற்கு. ஆண் நாயாக இருந்தால் சில நாள் காலைத் தூக்காமல் பெட்டைபோலக் குந்தி ஒன்றுக்குப் போகும். பதறாதீர்கள், அது புத்திசாலித்தனம்.

மூன்றாவது வாரத்திலிருந்து நடை. இதுதான் மருந்து, ஆனால் அளந்து கொடுக்க வேண்டிய மருந்து. ஒரு வேளைக்கு ஐந்து பத்து நிமிடம், ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டலாம். எவ்வளவு மெதுவாக என்பதுதான் முக்கியம். வேகமாக இழுத்துப்போனால் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவரும், தசைக்கு ஒரு வேலையும் நடக்காது. கோயில் பிரகாரத்தில் பாட்டிகள் அடி எடுத்து வைக்கிற வேகத்தில் நடந்தால் நான்காவது கால் தானாகத் தரைக்கு வரும். ஜூலிக்கு அந்த வேகத்தில் நடக்கப் பாட்டியைவிடப் பொருத்தமான ஆள் வீட்டில் இல்லை. பேரனிடம் கயிறு போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மூட்டு இறுகாமலிருக்க மடக்கி நீட்டுவது உண்டு. அறுவை செய்தவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆபரேஷன் ஆன கால் மேலே இருக்கட்டும். ஒரு உள்ளங்கையில் தொடை, மறு உள்ளங்கையில் கணுக்காலுக்குச் சற்று மேலே. மெல்ல மடக்கி, ஒரு மூச்சு நிறுத்தி, மெல்ல நீட்டுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ, தொடை கல்லாக இறுகினாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் மூன்று நாள் வீக்கத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். தையல்மேல் மஞ்சள், எண்ணெய், தேங்காய் நார்ச் சாம்பல் எதுவும் வேண்டாம். நக்காமலிருக்க மாட்டிவிடும் கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். ஒரு ராத்திரி நக்கினாலே தையல் போய்விடும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நாய் முனகுகிறது என்று வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கொடுத்துவிடுகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். நாங்கள் எழுதித் தருகிற மெலாக்சிகாம் மனிதர்களுக்கும் உண்டு என்பதால் கடையில் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. 5 கிலோ நாய்க்கு அது ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். கடையில் கிடைக்கிற மாத்திரை ஏழரை அல்லது பதினைந்து மில்லிகிராம். ஒரே மாத்திரையில் பதினைந்து நாள் மருந்து, இல்லையென்றால் முப்பது நாள் மருந்து. கறுப்பாக மலம் போனால், வாந்தி எடுத்தால், நாங்கள் கொடுத்த மருந்தானாலும் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

எடையைப் பற்றிப் பேசினால் வீட்டில் முகம் வாடும். ஜூலிக்கு நாள் முழுவதற்கும் 300 கலோரிக்குள் போதும். காலையில் இரண்டு இட்லி, டீ நேரத்தில் நான்கு மேரி பிஸ்கட் என்றால் சுமார் 200 கலோரி அதிலேயே முடிந்தது. அதற்குமேல்தான் அவளுடைய சாப்பாடே. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டோ வேகவைத்த பீன்ஸோ கொடுக்கச் சொன்னேன். திராட்சை மட்டும் வேண்டாம், உலர்ந்ததானாலும். பாயசத்திலிருந்து எடுத்துப் போடுகிற பழக்கம் அந்த வீட்டில் இருந்தது.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: நீந்தவிட்டால் கால் சீக்கிரம் தேறாதா? பெரிய நகரங்களில் கண்ணாடித் தொட்டிக்குள் முட்டியளவு தண்ணீரில் நாயை நடக்கவைக்கிறார்கள், அது வேறு. வாய்க்காலில் நாய் பதறிக் கால் உதைக்கும், கரையேறும்போது சேற்றில் வழுக்கும். மூன்று மாதம் முடியும்வரை வாய்க்கால் பக்கம் வேண்டாம்.

இரண்டு வாரமாகியும் விரல்நுனியைக்கூடத் தரையில் வைக்கவில்லை என்றால் காட்டுங்கள். நன்றாக நடந்துகொண்டிருந்த நாய் திடீரென்று காலைத் தூக்கினாலும், நடக்கும்போது முட்டியில் 'டிக்' என்று சத்தம் கேட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். உள்ளே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம்.

பன்னிரண்டாவது வாரம் ஜூலி வந்தாள். எடை 5.8 கிலோ. தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் சுற்றி அளந்தேன், இடது தொடை ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு. முட்டி நகரவில்லை. இனி ஊஞ்சலை இறக்கிப் போட்டுக்கொள்ளலாமா என்று பேரன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பாட்டி, "வலது கால் இருக்குல்ல, சும்மா இருடா" என்றார். சங்கிலியோடு உத்திரத்தில் ஏற்றிக் கட்டியது கட்டியபடியேதான் இன்னும் இருக்கிறதாம்.